கர்னலின் மரண வாக்குமூலம்: கேடம்ப் அமைப்பதும் சோதிப்பதும்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கும் கடை ஒன்றின் கணக்கு சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் அது அப்படியே உறைந்து நின்றது. அண்ணாச்சி சுவிட்சை அணைத்துப் போட்டார், ஓடியது. மறுவாரமும் அதே கதை. ஒவ்வொரு தடவை அணைத்தபோதும் நினைவகத்திலிருந்த சாட்சி மொத்தமும் அழிந்துபோனது. லினக்ஸின் மைய நிரலான கர்னல் விழும்போது அந்தச் சாட்சியைக் காப்பாற்றும் கேடம்ப் வசதியை நிறுவித்தான் வைத்திருந்தேன். ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

செயலிழந்த கர்னலிடம் டிஸ்கில் எழுதச் சொல்ல முடியாது. அதன் டிரைவர்களும் பூட்டுகளும் எந்தக் கோலத்தில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அதனால் வாக்குமூலம் வாங்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். கேடம்ப்பில் அந்த ஆள் இரண்டாவது கர்னல். அதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கிய நினைவகத்தில் காத்திருக்கும். முதல் கர்னல் விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாமல் நேரடியாக எழுந்து, செத்த கர்னலின் நினைவகத்தை ‘டம்ப்’ என்ற கோப்பாக எழுதும். 2005-இல் வந்த லினக்ஸ் 2.6.13-இலிருந்து இந்த வசதி இருக்கிறது.

படி 1: பழகுவதற்கு விர்ச்சுவல் மெஷினில் உபுண்டு போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடை சர்வரில் கைவைக்காதீர்கள். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-க்ராஷ்டம்ப்’ கொடுத்து, கேடம்ப்பை இயக்கவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லி, ரீபூட் செய்யுங்கள்.

படி 2: ‘கேடம்ப்-கான்ஃபிக் ஷோ’ கொடுத்தால் தயார் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரும்பாலும் கர்னலின் பூட் வரியில், இரண்டாவது கர்னலுக்கு நினைவகம் ஒதுக்கும் ‘க்ராஷ்கர்னல்’ இருக்காது. நான் 256 எம்பி ஒதுக்குகிறேன். குறைத்து வைத்தால் இரண்டாவது கர்னலே நினைவகம் போதாமல் விழுந்துவிடும். விர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே குறைத்து அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: இனி கர்னலை நாமே வீழ்த்த வேண்டும். ‘எக்கோ சி’ என்பதை ப்ராக் அடைவிலுள்ள ‘சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர்’ கோப்புக்குள் எழுத வேண்டும். முன்னால் சூடோ போட்டாலும் அனுமதி இல்லை என்றே வரும். கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, உங்கள் ஷெல். அதனால் ‘சூடோ டீ’ வழியாக அனுப்புங்கள். திரை நின்று, இரண்டாவது கர்னல் எழுந்து, எழுதி முடித்து, மெஷின் தானே ரீபூட் ஆகும். அதுவரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

படி 4: வார் அடைவுக்குள் ‘க்ராஷ்’ அடைவைத் திறந்தால் தேதியிட்ட அடைவு ஒன்று இருக்கும். அதில் முதலில் டிமெசேஜ் கோப்பை, அதாவது கர்னலின் செய்திப் பதிவைப் படியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். மீதிக்கு, கர்னலின் டீபக் சிம்பல்களோடு (நினைவக முகவரிகளை ஃபங்ஷன் பெயர்களோடு பொருத்தும் தகவல்) ‘க்ராஷ்’ கருவியில் டம்ப்பைத் திறந்து ‘பிடி’ கொடுத்தால், விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று வரிசையாகத் தெரியும்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கடை சர்வர் பேனிக் ஆகவில்லை (மீள முடியாத பிழை என்று கர்னல் தானே அறிவித்து நிற்பதுதான் பேனிக்), உறைந்தது. பேனிக் வராமல் கேடம்ப் அசையாது.

படி 5: அதனால் உறைவைப் பேனிக்காக மாற்ற வேண்டும். கர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் ‘சாஃப்ட்லாக்கப்_பேனிக்’, ‘பேனிக்_ஆன்_ஊப்ஸ்’ இரண்டையும் 1 ஆக்குங்கள். முதலாவதைப் போட்டால், நேர வரம்பை மாற்றாதவரை, ஒரு சிபியு 20 நொடிக்கு மேல் கர்னலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் பேனிக் வரும்; இரண்டாவதைப் போட்டால், ‘ஊப்ஸ்’ என்ற கர்னல் பிழை வந்தாலே பேனிக் வரும். ஒரு ப்ராசஸ் நெடுநேரம் அசையாமல் காத்திருந்தால் பேனிக் ஆக்கும் ‘ஹங்_டாஸ்க்_பேனிக்’ என்று இன்னொன்று உண்டு; பழைய, மெதுவான டிஸ்க் உள்ள மெஷினில் அதை நான் போடுவதில்லை. டிஸ்க் இழுத்துக்கொண்டு நின்றாலே நல்ல சர்வரை அது வீழ்த்திவிடும். உங்கள் கர்னலில் எல்கேடிடிஎம் மாட்யூல் (சோதனைக்காகக் கர்னலை வேண்டுமென்றே வீழ்த்தும் துணை நிரல்) இருந்தால் செயற்கையாக ஓர் உறைவை உண்டாக்கி இதையும் சோதிக்கலாம்.

படி 6: கர்னல் புதுப்பித்த பிறகு படி 3-ஐ மறுபடி செய்யுங்கள். டிஸ்க் நிறையும் தறுவாயில் ஒருமுறை, நினைவகம் முழுக்க வேலையில் இருக்கும்போது ஒருமுறை. டம்ப் பெரிதாக வந்தால், அதைச் சுருக்கும் ‘மேக்டம்ப்ஃபைல்’ கட்டளைக்கு 31 என்ற அளவு கொடுங்கள்; ஆளுக்கொரு வகைப் பக்கத்தை விலக்கும் 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டல் அது. பூஜ்யம் மட்டுமே நிறைந்த பக்கங்கள், இருவகைக் கேஷ், பயனர் தரவு, யாரும் பயன்படுத்தாத காலிப் பக்கங்கள் எல்லாம் விலகிவிடும். அப்படி விலக்கியும் கர்னல் நினைவகத்தில் கடவுச்சொல்லோ சாவியோ தங்கியிருக்கலாம். உதவி கேட்டு யாருக்காவது அனுப்புவதென்றால் டிமெசேஜை மட்டும் அனுப்புங்கள், டம்ப்பை அல்ல.