அமெரிக்காவில் பழைய கார் வாங்கும்போது: டைட்டிலில் செய்யும் தவறுகள், மைல் கணக்கில் செய்யும் தவறுகள்

ஊரில் வண்டி வாங்கிப் பழகியவர்களுக்கு ஆர்.சி. புத்தகம்தான் எல்லாம். அந்தப் பழக்கத்தில் அமெரிக்காவில் ரெஜிஸ்ட்ரேஷன் தாளைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அந்தத் தாள் வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு மட்டும்தான். வண்டி யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்வது டைட்டில். மாநில அரசு தரும் தனி ஆவணம் அது.

டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நண்பர் வண்டி, அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்று யாராவது சொன்னால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. டைட்டிலில் லீன் என்று வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் பாக்கி இருக்கலாம். முடிந்தால் அந்த வங்கிக் கிளைக்கே போய் கடனை அடைக்கச் செய்து, லீன் நீக்கியதற்கான கடிதத்தை வாங்குங்கள்.

பலர் சறுக்குவது 'கிளீன் டைட்டில்' என்ற சொல்லில்தான். அதை 'அடிபடாத கார்' என்று புரிந்துகொள்கிறார்கள். அதற்கு அர்த்தம் அது அல்ல, டைட்டிலில் சேத முத்திரை எதுவும் இல்லை என்பது மட்டும்தான். பழுது பார்க்கும் செலவு காரின் விலைக்குக் கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் முடிவு செய்தால் பொதுவாக டைட்டிலில் 'சால்வேஜ்' முத்திரை விழும். சரிசெய்து, சோதனையில் தேறிய பிறகு அது 'ரீபில்ட்' ஆகும். ஆனால் உரிமையாளர் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் கைக்காசு போட்டுப் பழுது பார்த்திருந்தால், எவ்வளவு பெரிய விபத்தாக இருந்தாலும் டைட்டில் கிளீனாகவே இருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. முத்திரை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், வெள்ளத்தில் மூழ்கிய காரை வேறு மாநிலத்தில் பதிந்து முத்திரையைத் தொலைத்துவிடுவார்கள். இதற்கு டைட்டில் வாஷிங் என்று பெயர். 2017இல் ஹூஸ்டனை ஹார்வி புயல் மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களுக்குப் பிறகு இந்த ஆபத்து அதிகம்.

அதனால் ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள 17 எழுத்து-எண் கொண்ட அடையாள எண்ணான வின் எண்ணை டாஷ்போர்டிலும் கதவுச் சட்டத்திலும் டைட்டிலிலும் ஒப்பிட்டுவிட்டு, அதை வைத்துத் தேடுங்கள். கார் திருடப்பட்டதா, சால்வேஜ் ஆனதா என்று தேடித் தரும் வின்செக் சேவை இலவசம், அதை நடத்துவது இன்ஷூரன்ஸ் மோசடியைத் தடுக்கும் என்.ஐ.சி.பி. அமைப்பு. என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசிய வாகன டைட்டில் தரவுத்தளத்தின் அறிக்கை சில டாலர்களுக்குக் கிடைக்கும். எந்த அறிக்கையும் தனக்கு வந்து சேர்ந்த தகவலை மட்டுமே காட்டும். ஆகவே மெக்கானிக் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நீங்களே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரில் சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும்.

அப்புறம் மைலேஜ். நம்மூரில் அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. இங்கே கார் இதுவரை ஓடிய மைல்கள். டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று நம்புவது பெரிய தவறு. ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட கார்கள் பொய்யான மீட்டர் எண்ணோடு விற்கப்படுவதாக என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற சாலைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பே மதிப்பிட்டிருக்கிறது. மீட்டர் 30,000 மைல் காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டு, தேதியையும் மைலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எங்காவது எண் பின்னோக்கிப் போயிருந்தால் விஷயம் முடிந்தது.

விற்கும்போது ஓடிய மைலை எழுதித் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். முன்பு 10 ஆண்டு கடந்த கார்களுக்கு விலக்கு இருந்தது. 2011 மாடல் முதல் அது 20 ஆண்டாகிவிட்டது. '2013 மாடல்தானே, எழுத வேண்டாம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு உங்கள் கையெழுத்தைக் கேட்டாலும் போடாதீர்கள். 'உண்மையான மைலேஜ் அல்ல' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். மைல் எழுதித் தந்த தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் எண் எழுதியது நிரூபணமானால், நஷ்டத்தின் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இதில் எது அதிகமோ அதைக் கேட்டு வழக்குப் போடலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டுகள்.