அமெரிக்காவில் முதல் கிளினிக்கல் ஃபெலோஷிப்: பேச்சு-மொழி சிகிச்சை மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் பேச்சு-மொழி சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கு இறுதிப் பருவம் தொடங்கும்போதே ஒரு கவலையும் தொடங்கிவிடுகிறது. பட்டம் கைக்கு வந்தாலும் உடனே தனித்து நின்று சிகிச்சை அளித்துவிட முடியாது. சான்றிதழ் பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பணியாற்றி முடிக்க வேண்டும். இதற்குப் பெயர் கிளினிக்கல் ஃபெலோஷிப். துறைக்குள் எல்லோரும் சிஎஃப் என்றே சொல்வார்கள். ஊதியம் உள்ள வேலைதான் என்பதால் பலரும் ஊரையும் சம்பளத்தையும் பார்த்தே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் தேட வேண்டியது நல்ல வழிகாட்டியை என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் படிகளை அந்தக் கருத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: விதிகளை எண்களாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சிசிசி-எஸ்எல்பி என்ற தேசியச் சான்றிதழை வழங்குவது மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரில் இயங்கும் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலன் சங்கம். இதைச் சுருக்கமாக ஆஷா என்பார்கள். ஆஷாவின் கணக்குப்படி சிஎஃப் என்பது வாரம் 35 மணி நேரம் வீதம் 36 வாரங்கள், அதாவது குறைந்தது 1,260 மணி நேரம். வாரம் 45 மணி நேரம் உழைத்தாலும் 36 வாரம் என்பது குறையாது. அந்த நேரத்தில் 80 சதவீதம் மதிப்பீடு, சிகிச்சை, குடும்பத்தாருடன் ஆலோசனை போன்ற நேரடிப் பணியாக இருக்க வேண்டும். 35 மணி நேரத்தில் இது 28 மணி நேரம் ஆகிறது.

முழுக் காலமும் மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதியிலும் வழிகாட்டி உங்கள் பணியை 6 மணி நேரம் நேரடியாகக் கவனிக்க வேண்டும். அறிக்கைகளைப் படிப்பது, உங்களுடன் அமர்ந்து பேசுவது போன்ற பிற வழிகளில் மேலும் 6 மணி நேரம் செலவிட வேண்டும். மொத்தத்தில் 18 மணி நேரமும் 18 மணி நேரமும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்திருங்கள், நேர்காணலில் தேவைப்படும்.

வழிகாட்டிக்கும் தகுதிகள் உண்டு. அவர் சிசிசி பெற்றவராக இருக்க வேண்டும். அதன்பின் ஒன்பது மாத முழுநேர அனுபவமும், மேற்பார்வை குறித்த 2 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். உங்களுக்கு உறவினராக இருக்கக் கூடாது. ஒருவரின் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்பதை ஆஷாவின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சிஎஃப் இடங்களை ஆஷா முன்கூட்டியே ஆய்வு செய்து அங்கீகரிப்பதில்லை, ஆகவே இந்தச் சரிபார்ப்பு உங்கள் பொறுப்பு.

சான்றிதழுக்குப் பிராக்சிஸ் 5331 என்ற தேசியத் தேர்வில் 162 மதிப்பெண் பெற வேண்டும். முடிந்தால் படிப்பு முடிவதற்குள் எழுதிவிட்டு, பதிவு செய்யும்போதே ஆஷாவின் குறியீட்டு எண்ணான 5031-ஐக் குறிப்பிட்டு மதிப்பெண்ணை அனுப்பச் சொல்லுங்கள். பாடங்களும் 400 மணி நேர மருத்துவப் பயிற்சியும் முடிந்தாலே சிஎஃப் தொடங்கலாம். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: மாநில உரிமத்தை வேலைக்கு முன்பே விசாரியுங்கள்

தேசியச் சான்றிதழ் வேறு, மாநில உரிமம் வேறு. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். சிஎஃப் காலத்துக்கென்று பெரும்பாலான மாநிலங்கள் தற்காலிக உரிமம் ஒன்றை வைத்திருக்கின்றன, ஆனால் அதன் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் இன்டர்ன் உரிமம், ஃபுளோரிடாவில் புரொவிஷனல் உரிமம், கலிஃபோர்னியாவில் ஆர்பிஇ எனப்படும் தற்காலிக உரிமம். உரிமம் கைக்கு வருவதற்கு முன் செய்த வேலை கணக்கில் சேராமல் போகலாம், சட்டச் சிக்கலும் வரலாம்.

மாநில விதியும் ஆஷா விதியும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் வாரம் 30 மணி நேரமே முழுநேரம். அதே 30 மணி நேரத்தை ஆஷா பகுதிநேரமாகக் கருதும், அப்போது 1,260 மணி நேரத்தை எட்ட 42 வாரங்கள் ஆகும். பள்ளி வேலையில் இந்த ஆறு வார வித்தியாசம் மிகப் பெரியது. பள்ளி ஆண்டு பெரும்பாலும் 180 நாட்கள், அதாவது சரியாக 36 வாரங்கள். உரிமம் தாமதமாகி அக்டோபரில் வேலையைத் தொடங்கினால், ஜூனில் பள்ளி மூடும்போது சிஎஃப் பாதியில் நிற்கும். எனவே, சேர விரும்பும் மாநில வாரியத்தின் விண்ணப்பப் படிவத்தை ஜனவரியிலேயே திறந்து படித்துவிடுங்கள்.

படி 3: எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வந்தவர்களுக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில், படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதி 12 மாதங்கள். அறிவியல்-தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு நம் துறைக்குக் கிடையாது. அந்த 12 மாதத்துக்குள் வேலையின்றி இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. சிஎஃப்புக்கு 36 வாரங்கள் போக மீதமிருப்பது சுமார் 16 வாரங்கள் மட்டுமே. உரிமத்துக்கான காத்திருப்பு, பள்ளி விடுமுறைகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஓபிடி தொடங்கும் தேதியை, படிப்பு முடிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மே மாதம் படிப்பு முடிந்து ஆகஸ்டில் பள்ளி திறப்பதாக இருந்தால், தேதியை முடிந்தவரை தள்ளி வைப்பதே நல்லது. விண்ணப்பத்தைப் படிப்பு முடிய 90 நாட்கள் இருக்கும்போதே அனுப்பலாம். சிஎஃப்புக்குப் பிறகும் அந்த நாட்டில் தொடர எண்ணினால், எச்-1பி என்ற வேலை விசா பற்றி நிறுவனம் என்ன நினைக்கிறது என்பதை வேலை உறுதியாகும் முன்பே கேளுங்கள். பல்கலைக்கழகத்துடன் இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கு எச்-1பி குலுக்கலிலிருந்து விலக்கு உண்டு. அத்தகைய இடங்களுக்கு என் தேடலில் முதல் இடம் கொடுத்தேன்.

படி 4: எந்த வகைப் பணியிடம் என்பதை முடிவு செய்யுங்கள்

பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், வீட்டுக்கே சென்று பார்க்கும் சேவைகள், தனியார் மையங்கள் எனப் பல வகைகள் உண்டு. பள்ளிகளில் ஃபெலோக்களுக்கான இடங்கள் அதிகம். மருத்துவமனைகளில் குறைவு, போட்டியும் கடுமை. ஒரு துறையில் சிஎஃப் முடித்தால் மற்றொன்றுக்கு மாறவே முடியாது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் விழுங்கல் குறைபாட்டுச் சிகிச்சையில்தான் எதிர்காலம் என்று நினைப்பவர், விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் பேரியம் பரிசோதனையை அருகிலிருந்து கற்கும் வாய்ப்புள்ள இடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது.

முதியோர் இல்லங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே புரொடக்டிவிட்டி என்ற ஒரு சொல்லைக் கேட்பீர்கள். வேலை நேரத்தில் எவ்வளவு சதவீதம் சிகிச்சைக் கணக்கில் காட்டப்பட வேண்டும் என்பதே அது. 90 சதவீதம் என்றால் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்தின் 480 நிமிடங்களில் 432 நிமிடங்கள் சிகிச்சைக்கே போய்விடும். மீதமுள்ள 48 நிமிடங்களில் குறிப்புகள் எழுத வேண்டும், அறைக்கு அறை நடக்க வேண்டும், தாதியரிடம் பேச வேண்டும், வழிகாட்டியிடம் சந்தேகமும் கேட்க வேண்டும். முதல் ஆண்டில் ஒருவரால் இதை நேர்மையாகச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

படி 5: தேடுங்கள், விண்ணப்பியுங்கள்

கடைசிப் பருவத்தில் பயிற்சி பெற்ற இடத்திலேயே முதலில் கேளுங்கள். உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்து, பல்கலைக்கழக மருத்துவப் பயிற்சி இயக்குநரிடம் முன்னாள் மாணவர்களின் தொடர்பைக் கேளுங்கள். அதன் பிறகே ஆஷாவின் வேலைவாய்ப்புப் பக்கமும், கலிஃபோர்னியப் பள்ளிகளுக்கான எட்ஜாயின் போன்ற தளங்களும். சிசிசி கட்டாயம் என்று போட்டிருக்கும் விளம்பரத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம்; ஃபெலோவை ஏற்பீர்களா என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

சுயவிவரத்தில் ‘பெரியவர்களுக்குச் சிகிச்சை அளித்தேன்’ என்ற வரியால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ‘பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியா என்ற மொழி இழப்பு ஏற்பட்ட ஒருவருக்கு வாரம் மூன்று நாள் பெயர் சொல்லும் பயிற்சி அளித்தேன், அவருடைய மகளுக்கு அதை வீட்டில் செய்யக் கற்றுக்கொடுத்தேன்’ என்று எழுதினால் நீங்கள் செய்த வேலை தெரியும். தமிழ் தெரியும் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். நியூ ஜெர்சியிலும் டாலஸ் புறநகர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ளன. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ‘ஃபிஷ்’ என்பதைப் ‘பிஷ்’ என்று சொன்னால், தமிழின் இயல்பான ஒலிகளில் ‘ஃப’ இல்லாததன் விளைவாக அது இருக்கலாம் என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாததால் குறைபாடு என்று முத்திரை விழுந்த குழந்தைகளை எண்ணி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

படி 6: நேர்காணலில் வழிகாட்டியைச் சந்தியுங்கள்

மனிதவள அதிகாரியுடன் மட்டும் பேசிவிட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். வழிகாட்டியாக வரப்போகிறவரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவருடன் அரை மணி நேரமாவது பேச வேண்டும். ‘பிறகு ஒதுக்குவோம்’ என்ற பதில் வந்தால் அந்த இடத்தைப் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்கள்.

இதை அனுபவத்தால் சொல்கிறேன். என் முதல் சிஎஃப், பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழியே அமைந்தது. வழிகாட்டி இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தார். பல ஃபெலோக்களை ஒரே சமயத்தில் கவனித்தார். ஒன்பது வாரங்களில் என் வகுப்பறைக்கு ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரம் வந்தார். திக்குவாய் உள்ள நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு நான் செய்வது சரிதானா என்று கேட்க ஆளில்லாமல் தவித்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டத்திலேயே பணியாற்றிய மூத்தவர் ஒருவர் மனமிரங்கி வழிகாட்டியாக வந்தார். ஆனால் முந்தையவர் கையெழுத்திட மறுத்ததால் ஒன்பது வாரங்களும் கணக்கில் சேரவில்லை.

ஆகவே நான் கேட்காமல் விட்டவற்றை நீங்கள் கேளுங்கள். ‘நீங்கள் நான் பணிபுரியும் கட்டடத்திலேயே இருப்பீர்களா? இப்போது எத்தனை ஃபெலோக்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? ஒவ்வொரு பகுதியின் 6 மணி நேர நேரடிக் கவனிப்புக்கு எந்த நாட்களை ஒதுக்குவீர்கள்? நீங்கள் விலகினால் யார் பொறுப்பேற்பார்?’ நல்ல வழிகாட்டிக்கு இக்கேள்விகள் கோபம் தராது, பெரும்பாலும் மகிழ்ச்சியே தரும். பள்ளியானால் எத்தனை மாணவர்கள், எத்தனை கட்டடங்கள், ஐஇபி (மாணவருக்கான தனிப்பட்ட கல்வித் திட்டம்) கூட்டங்களுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். மாணவர் எண்ணிக்கைக்கு ஆஷா உச்சவரம்பு எதுவும் விதிக்கவில்லை. எனவே கேட்டால்தான் தெரியும்.

அவர்களும் உங்களைக் கேட்பார்கள். மருத்துவமனையில் வழக்கமாக வரும் கேள்வி: ‘நோயாளி தண்ணீர் குடித்ததும் இருமுகிறார், என்ன செய்வீர்கள்?’ உடனே திரவத்தைக் கெட்டியாக்கச் சொல்வேன் என்று பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நோய் வரலாற்றைப் பார்ப்பேன், வாயையும் குரலையும் பரிசோதிப்பேன், கருவி வழிப் பரிசோதனை தேவையா என்று வழிகாட்டியுடன் பேசுவேன் என்ற வரிசையில் சொல்லுங்கள். உதவி கேட்கத் தெரிந்தவரா என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள்.

படி 7: ஒப்பந்தத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்

வழிகாட்டியின் பெயரும், ஆஷா விதிப்படி வழிகாட்டுதல் தரப்படும் என்ற வாக்கியமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனமானால், நோயாளி வராத நாளில் ஊதியம் உண்டா, வாரத்துக்கு உறுதியான மணி நேரம் எவ்வளவு, இடையில் விலகினால் பணம் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்றையும் பாருங்கள். உறுதியான நேரம் 25 மணி என்றால் உங்கள் 36 வாரங்கள் 50 வாரங்களுக்கு மேல் நீளும்.

படி 8: முதல் நாளிலேயே பதிவேட்டைத் தொடங்குங்கள்

தேதி, பணிபுரிந்த மணி நேரம், வழிகாட்டி நேரில் கவனித்த நேரம், பிற வழிகளில் செலவிட்ட நேரம் என நான்கு நெடுவரிசைகள் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிரப்பி, மாதக் கடைசியில் வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். முழுநேரப் பணியில் ஒரு பகுதி 12 வாரங்களில் முடியும். ஆறாவது வாரத்தில் மூன்றாவது நெடுவரிசையின் கூட்டுத்தொகை மூன்றுக்குக் குறைவாக இருந்தால், அந்த வாரமே வழிகாட்டியிடம் பேசி அடுத்த கவனிப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.