செங்காந்தளைக் கிழங்கிலிருந்து பெருக்கும் முறை

வேலியோரங்களில் தானாகவே படரும் செங்காந்தள், விதையிட்டு வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், வீட்டுத் தோட்டத்தில் அதன் கிழங்கை நடுவதே நல்லது. காட்டிலிருந்து பிடுங்காமல், நாற்றுப்பண்ணையிலோ பயிரிடுவோரிடமோ வாங்குங்கள். கொடி காய்ந்தபின் எடுக்கப்படும் கிழங்கு இரு கிளைகளாகக் கலப்பை போல வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிறிய சிறு முளை ஒன்றுதான் இருக்கும், அது ஒடிந்தால் பெரும்பாலும் அந்தக் கிளையே வீண்.

ஆகவே முளை சிதையாமல் இரண்டாகப் பிரித்து, வெட்டுவாய் உலர்ந்தபின், ஆடிப்பட்டத்தில், நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணில் நான்கு விரற்கடை ஆழத்தில் கிடத்தி நட்டு, இலை நுனிகள் பற்றிக்கொள்ள மெல்லிய குச்சிகளை ஊன்றுங்கள். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு உள்ளதால், கையுறை அணிவதும், குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் நடுவதும் கட்டாயம்.