முதன்முறையாக ராக்கில் சர்வர் ஏற்றுபவர்களுக்கு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்துக்கு, ராக் எனப்படும் இரும்புச் சட்டத்தில் ஏறும் 2யூ சர்வர் ஒன்றை (யூ என்பது உயர அலகு, கீழே வருகிறது) அண்மையில் நிறுவிக் கொடுத்தேன். அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தருமபுரிக்காரத் தம்பிதான் இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். கணினி நன்றாகத் தெரியும். ராக் சர்வரைத் தொட்டதில்லை. அவருக்காக எழுதிய குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

பெட்டியைப் பிரிப்பது, நெட்வொர்க் கேபிள் செருகுவது, உபுண்டு நிறுவுவது எல்லாம் இதில் இல்லை. அதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ராக் சர்வருக்கே உரிய தொல்லைகளை மட்டும் பார்ப்போம். சர்வரை ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதில் ஒரு டிஸ்க்கையோ பவர் சப்ளையையோ கழற்றுகிற நாள்தான் பெரிய நாள். கீழே சொல்வதெல்லாம் அந்த நாளை மனதில் வைத்துத்தான்.

வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள்

ராக்கில் ஏறும் சாமானின் முகப்பு அகலம் 19 அங்குலம். உயரத்தை யூ என்ற அலகில் சொல்வார்கள். 1யூ என்றால் 1.75 அங்குலம், அதாவது 44.45 மி.மீ. இந்த இரண்டிலும் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவது ஆழத்தில். சுவிட்ச்சும் சிசிடிவி பெட்டியும் வைப்பதற்காகச் சுவரில் மாட்டிய 600 மி.மீ. ராக்கைக் காட்டி, "இதிலேயே வைத்துவிடலாமா?" என்று கேட்காத அலுவலகம் இல்லை. வைக்க முடியாது. வழக்கமான 2யூ சர்வரின் நீளமே 700 மி.மீ.யை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதற்குப் பின்னால் பவர் கார்டு வளைந்து திரும்ப இடம் வேண்டும். எனவே 1000 மி.மீ. ஆழமுள்ள தரை ராக் குறைந்தபட்சம். 1200 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 42யூ ராக் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் இருக்கும். கட்டடத்தின் லிஃப்ட் கதவையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பெங்களூரின் பழைய வணிகக் கட்டடங்களில் இது வேடிக்கைக்காகச் சொல்லும் விஷயமல்ல.

ராக்கின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே உள்ள தூரம் சர்வரோடு வரும் ரெயிலின் (சர்வரைத் தாங்கி, வெளியே இழுக்க உதவும் பட்டை) எல்லைக்குள் இருக்க வேண்டும். பின் தூண்களை நகர்த்தும் வசதி பெரும்பாலான ராக்குகளில் உண்டு. ஆனால் ராக் காலியாக இருக்கும்போதே நகர்த்தினால்தான் உண்டு. சாமான்களை ஏற்றிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

துளைக் கணக்கு

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

ராக் தூணில் துளைகள் வரிசையாக இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே இடைவெளி போலத் தெரியும். உற்றுப் பாருங்கள், அப்படி இல்லை. ஒரு யூவுக்கு மூன்று துளைகள். அந்த மூன்றுக்கும் நடுவே மையத்திலிருந்து மையம் 15.875 மி.மீ. ஆனால் ஒரு யூவின் மேல் துளைக்கும் அடுத்த யூவின் கீழ்த் துளைக்கும் நடுவே 12.7 மி.மீ. மட்டுமே. நெருக்கமாக இருக்கும் இரண்டு துளைகளைக் கண்டுபிடித்துவிட்டால், யூவின் எல்லைக்கோடு அவற்றின் நடுவே ஓடுகிறது என்று பொருள். சர்வரின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டில்தான் உட்கார வேண்டும்.

எண் அச்சிட்ட ராக்காக இருந்தால் பிழைத்தோம். மலிவு ராக்குகளில் எண் இருக்காது. இருந்தாலும் முன்னால் கீழிருந்தும் பின்னால் மேலிருந்தும் எண்ணியிருப்பார்கள். மார்க்கர் பேனாவை எடுத்து, நான்கு தூண்களிலும் கீழிருந்து எண்ணி, நீங்களே கோடு போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

ஒரு துளை தள்ளி மாட்டினால் என்ன ஆகும்? கொக்கியோடு வரும் ரெயில்கள் தப்பான துளையில் முழுதாக இறங்காது. இடைவெளி ஒத்துவராமல் பாதியில் நிற்கும். அங்கேதான் ஆபத்து. சுத்தியலால் தட்டி இறக்கிவிடலாம் என்று தோன்றும். தட்டாதீர்கள். "டக்" என்ற சத்தத்தோடு தாழ் தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் எண்ணிக்கை பிசகியிருக்கிறது. திருகு போட்டு மாட்டும் ரெயில் இன்னும் மோசம். முன்பக்கம் ஒரு துளையும் பின்பக்கம் இன்னொரு துளையுமாக மாட்டினாலும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். சர்வர் சாய்ந்து உட்காரும். ஏற்றும்போது ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் வெளியே இழுக்கும்போது பாதி வழியில் இறுகி நிற்கும்.

சதுரத் துளை ராக்குக்குக் கேஜ் நட் (துளைக்குள் மாட்டும் கூண்டு வைத்த நட்) வேண்டும். இந்திய ராக்குகளில் பெரும்பாலும் எம்6 அளவு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். ஆனால் எம்5 திருகும் எம்6 நட்டும் ஒரே பொட்டலத்தில் கலந்து கிடப்பதும் சகஜம். கடையிலேயே ஒன்றைத் திருகிப் பார்த்து வாங்குங்கள். நட்டின் காதுகள் இடதும் வலதுமாகத் தூணைப் பிடிக்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. அதைப் பொருத்துவதற்கென்றே வளைந்த தகடு ஒன்று விற்கிறது. அதை வாங்குங்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பொருத்துவதை வீரம் என்று நினைப்பவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றுவது

டிஸ்க்குகள் நிறைந்த 2யூ சர்வர் 30 கிலோவைத் தாண்டலாம். டிஸ்க்குகளையும் பவர் சப்ளைகளையும் கழற்றிவிட்டு ஏற்றினால் இடுப்பு தப்பும். கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்ற எண்ணை ஒட்டிவிடுங்கள். இரண்டு பேர் இல்லாமல் தொடங்க வேண்டாம். யுபிஎஸ் அடியில், கனமான சர்வர் அதற்கு மேல், இலேசானவை உச்சியில். ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களை வெளியே இழுக்கக் கூடாது; ராக் முன்னால் கவிழும்.

கேபிள்களைக் கட்ட நைலான் டை வேண்டாம், வெல்க்ரோ போதும். நைலான் டையை வெட்டப் போய் பக்கத்துக் கேபிளையும் வெட்டுவது நடக்கிற கதைதான். சர்வரோடு தரும் மடக்குக் கேபிள் கை (கேபிள்களைத் தாங்கி மடங்கி விரியும் சட்டம்) எனக்குப் பிடிக்காது. பின்னால் வெப்பக்காற்று போகும் வழியை அது மறைக்கிறது. சர்வரை முழுவதும் வெளியே இழுக்கும் அளவுக்குக் கேபிளில் நீளம் விட்டு, இரண்டு முனையிலும் பெயர் ஒட்டினால் அதுவே போதும்.

மின்சாரம்

இரண்டு பவர் சப்ளைகள் இருப்பது இரண்டு வழியாக மின்சாரம் வாங்குவதற்கு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பணம் வீண். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றொன்றை இன்னொரு யுபிஎஸ்ஸிலும் கொடுங்கள். இரண்டாவது யுபிஎஸ்ஸுக்கு வழியில்லை என்றால் மற்றொன்றை ஸ்டெபிலைசர் வழியாக நேரடி லைனில் கொடுக்கலாம். ஒன்று போனால் மற்றொன்றே முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

செருகும் முன் மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பீன்யாவில் வந்த பெரியவர் ஸ்ரீராமபுரத்துத் தமிழர். மீட்டரைப் பார்த்ததும், "தம்பி, இந்த எர்த் குழிக்குத் தண்ணீர் காட்டிப் பல வருடம் ஆகியிருக்கும்" என்றார். உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த இணைப்பையும் மாற்றிய பிறகு அளவு இறங்கியது. சர்வர் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. "பெங்களூருக்கு எதற்கு ஏசி?" என்பார்கள். 2016 ஏப்ரலில் இந்த ஊர் 39.2 டிகிரியைப் பார்த்தது. பல சர்வர்களுக்கு உள்ளே போகும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் போகப் போகக் குறையும். பெங்களூர் சுமார் 920 மீட்டரில் இருப்பதால் அந்தக் குறைவு பெயருக்குத்தான். கதவைச் சாத்திய சின்ன அறையில் சேரும் வெப்பம் பெயருக்கல்ல. காலியாக இருக்கும் யூக்களைத் தகடு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் போன வெப்பக்காற்று சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வரும்.

தொலைவிலிருந்து ஆளும் போர்ட்

சர்வருக்குள் ஒரு சின்னக் கணினி தனியாக இருக்கிறது. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐலோ என்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். இதைச் சரியாக அமைத்துவிட்டால் பெரும்பாலான நாள்களில் சர்வர் அறைக்குப் போகவே வேண்டாம். சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் நிற்கும்போதுகூட சர்வரை மறுதொடக்கம் செய்யலாம்.

புதிய சர்வர்களில் இதன் கடவுச்சொல் பெரும்பாலும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாக, இழுத்தால் வெளிவரும் சின்னப் பட்டியிலோ ஸ்டிக்கரிலோ அச்சாகியிருக்கும். ராக்கில் ஏற்றும் முன்பே அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டெல் சர்வர் வாங்கினால் 192.168.0.120 என்ற முகவரியும், ஊருக்கே தெரிந்த ரூட், கால்வின் என்ற பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடியும் இருக்கும். முதல் வேலையாக மாற்றுங்கள்.

இதற்கென்று பின்னால் தனிப் போர்ட் உண்டு, அதையே பயன்படுத்துங்கள். சாதாரண நெட்வொர்க் போர்ட்டோடு பகிரும் அமைப்பும் உண்டு. சுவிட்ச்சில் ஒரு போர்ட் மிச்சமாகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தால், நெட்வொர்க் கெட்டுப்போகும் அன்றைக்கு இதுவும் சேர்ந்து போகும். இன்னொன்று: திரையை முழுதாகத் தொலைவிலிருந்து பார்க்கும் வசதிக்குத் தனி உரிமம் கேட்பார்கள். விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இந்தப் போர்ட்டை எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். இது பேசும் ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் அமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது. உள்ளே நுழையாத ஆளுக்கும் கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) அது கொடுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து உடைக்கலாம். தனி விலான் (சுவிட்ச்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்), அதற்கு விபிஎன் (மறையாக்கிய தனி வழி) வழியாக மட்டும் நுழைவு. ஐபிஎம்ஐ தேவையில்லை என்றால் அமைப்புப் பக்கத்தில் அணைத்தும் விடலாம்.

டிஸ்க்குகள்

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் முறை. இயங்குதளத்துக்கு இரண்டு சிறிய எஸ்எஸ்டிகள், ரெய்டு 1 (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்). தரவுக்குப் பெரிய டிஸ்க்குகள் என்றால் ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்) அல்லது 10 (டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக நகல் வைத்திருக்கும்). ஒரே ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 வேண்டாம் என்பது என் பிடிவாதம். பல டெராபைட் டிஸ்க் ஒன்று போனபின் மறுகட்டமைப்பு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஓடும். அத்தனை நேரமும் இன்னொரு டிஸ்க் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே சேர்த்து ஆளும் கோப்பு முறைமை) போடுவதானால் ரெய்டு கார்டை எச்பிஏ நிலைக்கு மாற்றி, டிஸ்க்குகளை நேரடியாகவே கொடுங்கள்.

டிஸ்க் கெட்டால் எழுந்து ஓடாதீர்கள். முதலில் ஐடிராக் அல்லது ஐலோவில் எந்த இடம் என்று பாருங்கள். அந்த இடத்தின் விளக்கை மின்ன வைக்கும் பொத்தான் உண்டு. மின்னுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டுக் கெட்டதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாழை விடுவித்துக் கொஞ்சம் வெளியே இழுத்து, உள்ளே சுழலும் தட்டு நிற்க அரை நிமிடம் பொறுத்து, பிறகு முழுவதும் எடுங்கள். புதியது அதே கொள்ளளவோ கூடுதலோ இருக்கட்டும். வேறு சர்வரில் ஓடிய பழைய டிஸ்க்கைப் போட்டால் ரெய்டு கார்டு அதை அந்நியமாகப் பார்க்கும். அழிக்கவா, ஏற்கவா என்று கேட்கும். படிக்காமல் அழுத்தாதீர்கள்.

ரெய்டு என்பது பேக்கப் அல்ல. இது தெரியாதவர் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் போய் முதலில் பேக்கப் எடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஆயுதபூஜை. மும்பை வாசகர் ஒருவருக்கு நம்பவே முடியவில்லையாம், ஆனால் பெங்களூர் அலுவலகங்களில் சர்வர் ராக்குக்கும் பூஜை உண்டு. தாராளமாகச் செய்யுங்கள். சந்தனமும் குங்குமமும் ராக்கின் கதவில் வையுங்கள், சர்வரின் முகத்தில் வேண்டாம். அங்கே இருப்பது காற்று நுழையும் வலை. விசிறி பொடியை எல்லாம் உள்ளே இழுத்துவிடும். சாம்பிராணிப் புகையைக் கதவுக்கு வெளியே காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், புகை உணரி கத்தும்.

மெமரிப் பிழை. நிகழ்வுப் பதிவில் ஒரே ஸ்லாட் திரும்பத் திரும்ப வந்தால், உடனே புதிய மெமரி வாங்காதீர்கள். சர்வரை அணைத்து, இரண்டு பவர் கார்டுகளையும் உருவி, கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டி கட்டிக்கொண்டு, அந்த மெமரியை அதேபோன்ற இன்னொன்றோடு இடம் மாற்றுங்கள். பிழை மெமரியோடு கூடவே போனால் மெமரி குற்றவாளி. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் பலகையோ பிராசஸரோ. வாரண்டிக்கு அழைக்கும்போது இதைச் சொன்னால் வேலை பாதி முடிந்தது.

மின்வெட்டுக்குப் பின் சர்வர் எழவில்லை. இதைப் பலர் கேட்டுவிட்டார்கள். பயாஸில் (சர்வர் எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற அமைப்பு உண்டு. பலர் "முந்தைய நிலை" என்று வைத்திருப்பார்கள். பேட்டரி தீரும் நேரத்தில் யுபிஎஸ் மென்பொருள் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடுகிறது அல்லவா? அப்போது முந்தைய நிலை என்பதே "அணைந்த நிலை". மின்சாரம் வந்தும் சர்வர் அதைத்தான் கடைப்பிடிக்கிறது. அதை "எப்போதும் இயக்கு" என்று மாற்றுங்கள். அதோடு, சர்வர் அணைந்தபின் யுபிஎஸ்ஸும் தன் வெளியீட்டைத் துண்டித்து, மின்சாரம் வந்ததும் மீண்டும் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். அப்படித் துண்டிக்காவிட்டால், சர்வர் அணையும் நேரத்திலேயே மின்சாரம் திரும்பினால் அதற்கு மின்சாரம் போனதே தெரியாது, எழாது. இரண்டாவது பவர் சப்ளையை நேரடி லைனில் கொடுத்தவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அந்தக் கம்பி மின்சாரத்தை மீண்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவர்கள் ஐடிராக் அல்லது ஐலோ வழியாகக் கையால் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற யுபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வெளியீட்டைத் துண்டிக்கும் கட்டளை தங்கள் யுபிஎஸ் மாடலில் வேலை செய்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துவிட்டு, மெயின் சுவிட்ச்சை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.