பத்திச் சிலாகை எத்தனை அடி? கோசைன் கணக்கு

போன மாரிக்கு முன்னர் வீட்டின் பின்சுவரோடு ஒரு பத்தி (சுவரோடு சாய்த்து இறக்கும் கூரை) இறக்கினேன். விறகும் சைக்கிளும் நனையக்கூடாது, அவ்வளவுதான். அகலம் 8 அடி, கூரைச் சரிவு 25 பாகை. சிலாகை, அதாவது கூரையைத் தாங்கும் சரிவு மரம், எத்தனை அடி என்று தச்சர் கேட்டார். சாதாரண தரத்தில் படித்த கணிதம் இருக்கிறதே என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னேன். வெட்டிய ஆறு பனஞ்சிலாகைகளும் தலா முக்கால் அடி குட்டை. கோழிக்கூட்டுக் கூரையில் இப்போது அவைதான் கிடக்கின்றன.

படி 1: படம் கீறுங்கள்

தூணின் தலையிலிருந்து சுவர்வரை மட்டமாக ஒரு நூல் கட்டியதாக நினையுங்கள். நூல், சுவர், சிலாகை மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணி. சிலாகை செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்), 25 பாகைக் கோணத்தை ஒட்டிய 8 அடி நூல் அயற்பக்கம்.

படி 2: கோசைன் என்றால் என்ன?

அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் வருவது கோசைன். இதை வகுப்பில் மனப்பாடம் செய்தேன். விளங்கியது நிழலைப் பார்த்தபோதுதான். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், பகல் 12.10 அளவில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அப்போது முற்றத்தில் ஒரு மீற்றர் தடியைச் சரித்துப் பிடியுங்கள். நிழல் எத்தனை மீற்றரோ அதுவே அந்தச் சரிவின் கோசைன். தடியைத் தரையில் கிடத்தினால் 1. நட்டுக்குத்தாக நிமிர்த்தினால் 0. 60 பாகையில் சரியாக அரை மீற்றர். சித்திரையைத் தவறவிட்டவர்கள் ஆகஸ்ட் கடைசியில் செய்து பார்க்கலாம்.

படி 3: கணிப்பான் (நான் விழுந்த குழி)

கைபேசிக் கணிப்பானில் 25இன் கோசைன் 0.9912 என்று வந்தது. சரியான விடை 0.9063. கணிப்பான் பாகையில் அல்ல, ஆரையனில் இருந்திருக்கிறது. ஒரு ஆரையன் ஏறக்குறைய 57.3 பாகை.

சரிவு 30 பாகையாக இருந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆரையனில் 0.154 வந்து, 52 அடிச் சிலாகை வேண்டும் என்று காட்டியிருக்கும். தச்சர் சிரித்தே காப்பாற்றியிருப்பார். 60 என்றால் மறை எண்ணே வரும். இந்த 25தான் நம்பவைத்துக் கழுத்தறுத்தது.

பொத்தானில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். சில கைபேசிகளில் அது இப்போதைய அலகு. வேறு சிலவற்றில் அழுத்தினால் மாறப்போகும் அலகு. முதலில் 60இன் கோசைனைக் கேளுங்கள். 0.5 வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், பழைய மடக்கை அட்டவணைப் புத்தகமே மேல். அதற்கு அலகு மயக்கம் கிடையாது. ஆனால் கோசைனுக்கு இடை வித்தியாசத்தை (பாகையின் சிறு பகுதிகளுக்கான திருத்தத்தை) கழிக்கவேண்டும், கூட்டக்கூடாது.

படி 4: வகுங்கள்

8 ÷ 0.9063 = 8.83 அடி. அந்த 0.83ஐ அங்குலம் என்று வாசிக்காதீர்கள்; 12ஆல் பெருக்கினால் 10 அங்குலம். ஆகவே 8 அடி 10 அங்குலம். தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டுவதைச் சரிவு வழியே அளந்து தனியாகச் சேர்க்கவேண்டும்.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர் வகுக்காமல் பெருக்கி, 7 அடி 3 அங்குலம் என்று எழுதியிருந்தார். சரிந்த மரம் மட்டநூலைவிடக் குட்டையாக இருக்கவே முடியாது.

இன்னொருவர் கோணற் காணிக்கு வேலி அடைக்கிறார். இரண்டு பக்கம் 40 அடி, 30 அடி. இடைக்கோணம் 60 பாகை. மூன்றாவது பக்கத்தில் பற்றை என்பதால் நாடா பிடிக்க இயலவில்லை. அங்கே செங்கோணம் இல்லாததால் கோசைன் விதி வேண்டும்: இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, பக்கங்களின் பெருக்கத்தின் இருமடங்கைக் கோசைனால் பெருக்கிக் கழிக்கவேண்டும். 1600 + 900 − 2400 × 0.5 = 1300; வர்க்கமூலம் சுமார் 36 அடி. மூலை 90 பாகையைத் தாண்டி விரிந்திருந்தால் கோசைன் மறையாகும், கழித்தல் கூட்டலாகிவிடும். அதே காணியில் 120 பாகை என்றால் 3700இன் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 61 அடி. கதியால் (வேலிக்கு நடும் தடி) வாங்கப் போகுமுன் மூலையை ஒருதரம் அளந்துகொள்ளுங்கள்.