யாங்கூனில் கம்ப்யூட்டர் அறை: மெஷின் வருவதற்கு முன்னால்

சர்வரோ சோதனைக்கூடக் கருவியோ, வாங்குவதற்குப் பணம் கட்டிய பிறகுதான் பலர் அறையைப் பற்றி யோசிக்கிறார்கள். மியன்மாரின் யாங்கூனில் அது சரிப்படாது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை சுவரில் ஊறும் ஈரமும், போய்ப் போய் வரும் கரண்டும்தான் இங்கே கருவிக்கு எமன். வெயில் அதற்கு அடுத்தபடிதான்.

தரைத்தளம் வேண்டாம், அடைமழையில் தெருத்தண்ணீர் உள்ளே வரும். கூரைக்கு நேர் கீழும் வேண்டாம். மேல்மாடிக் குளியலறை எங்கே இருக்கிறது என்று ஏறிப் போய்ப் பாருங்கள், கருவிகளை அடுக்கும் ரேக் அதன் கீழே வரக்கூடாது. மேற்கு ஜன்னலை அடைத்துவிடுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் இந்த ஊரில் ஏற்கெனவே இருப்பதால், தூசியில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

ஏசி கணக்கு எளிது. ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.4 பிடியூ (ஏசி விற்பவர்கள் சொல்லும் வெப்ப அளவு) வெப்பம். கருவிகள் மொத்தம் 2,000 வாட் இழுத்தால் 6,800 பிடியூ. யுபிஎஸ் சூடு, சுவர் வழியே வரும் சூடு, உள்ளே நிற்கும் ஆள் எல்லாம் சேர்த்து 10,000 என்று வையுங்கள். 12,000 பிடியூ, அதாவது கடையில் 1.5 குதிரைத்திறன் என்று கேட்டு வாங்குவது, ஒன்றே போதும். ஆனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரியதாக ஒன்று வாங்குவதுதான் வழக்கமான தவறு. அது அறையைச் சட்டென்று குளிர்வித்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கம்ப்ரசர் நின்றால் ஈரம் இறங்காது. 18 டிகிரி காட்டும் அறையில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்பது இதனால்தான்.

24 டிகிரியில் வையுங்கள். கருவி இழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள்ளும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருக்கட்டும். இறங்க மறுத்தால் தனியாக ஈரநீக்கி போடுங்கள், அதன் சூட்டையும் கணக்கில் சேருங்கள். ஏசியை ரேக்குக்கு மேலே மாட்டாதீர்கள், தண்ணீர்க் குழாய் அடைத்தால் நேராக மெஷின் மேல்தான் சொட்டும்.

கரண்ட் போனதும் கதவைத் திறந்துவிடுவது பெரிய ஆபத்து. மழைக்காலத்தில் வெளியே 30 டிகிரி, 85 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. அணைத்து வைத்த கருவி 24 டிகிரியில் இருக்கும்போது அந்தக் காற்று பட்டால், ஐஸ் டம்ளர் போல உள்ளேயும் வியர்க்கும். கரண்ட் வந்தவுடன் அப்படியே போட்டால் போர்டு போய்விடும். கதவு திறந்திருந்தால், ஏசியை ஓட்டி ஈரமானி 60-க்குக் கீழ் வந்த பிறகே ஸ்விட்சைத் தொடுங்கள்.

கதவை மூடி வைத்து மெஷினை மட்டும் பேட்டரியில் ஓட்டினால், சில நிமிஷங்களிலேயே அறை சூடேறும். ஆகவே ஏசியும் பேட்டரியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை ஒழுங்காக ஷட்டவுன் செய்ய வேண்டும். மெஷின் 2 கிலோவாட், இன்வெர்ட்டர் ஏசி ஏறக்குறைய 1 கிலோவாட். நான்கு மணி நேரத்துக்கு 12 யூனிட். 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று நம்பி எடுக்கக்கூடியதாக எட்டு யூனிட் கொடுக்கும், அதனால் இரண்டு வேண்டும். யுபிஎஸ்ஸில் ஈய பேட்டரி என்றால் அதையும் 25 டிகிரியில் வையுங்கள். ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும்.

கரண்ட் வரும் வழி இப்படி அமையட்டும்: சர்ஜ் தடுப்பான், மூன்று முதல் ஐந்து நிமிஷம் தாமதித்து இணைக்கும் வோல்டேஜ் காவலன், ஸ்டெபிலைசர், ஆன்லைன் யுபிஎஸ், கடைசியில் கருவி. அந்தத் தாமதம்தான் கரண்ட் திரும்பும்போது வரும் எழுச்சியைத் தடுக்கிறது. சிறிய ஜெனரேட்டரில் கரண்டின் அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) ஆடும். யுபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரிக்குப் போய்விடும், ஆட்கள் யுபிஎஸ் கெட்டுவிட்டது என்பார்கள். யுபிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள ஜெனரேட்டர் போடுங்கள்.

எர்த்துக்குத் தண்ணீர்க் குழாயை நம்பாதீர்கள், பல இடங்களில் அது இப்போது பிளாஸ்டிக். எட்டடிச் செம்புக் கம்பி இரண்டு, எட்டடிக்கு மேல் இடைவெளியில் அடித்து, கட்டிட எர்த்தோடு இணையுங்கள். 'தனி எர்த்' என்று இணைக்காமல் விட்டால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே கருவிதான் மாட்டும். எர்த்தின் மின்தடை அளவை ஏப்ரலில், மண் காய்ந்திருக்கும்போது எடுங்கள்; 5 ஓமுக்குள் வர வேண்டும்.

ரேக்கைத் தரையோடு நான்கு எம்12 (12 மில்லிமீட்டர்) ஆங்கர் போல்ட்டால் கட்டுங்கள். நிலநடுக்கம் தரும் சகாயிங் நிலப்பிளவு யாங்கூனுக்குக் கிழக்கே ஓடுகிறது. 1930-இல் பெகுவையும் 2025 மார்ச் 28-இல் மாண்டலேயையும் உலுக்கியது அதுதான். கனமானவை அடித்தட்டில். கேபிள் துளைகளை இரும்புக் கம்பளியால் அடையுங்கள், எலி கடிக்காது. தீயணைப்பானில் பவுடர் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு வாங்குங்கள்.

எல்லாம் ஆனதும் 1,000 வாட் ஹீட்டர் இரண்டை ரேக் இருக்கும் இடத்தில் வைத்து, 24 மணி நேரம் ஓட்டி, மணிக்கொரு முறை வெப்பத்தையும் ஈரத்தையும் குறியுங்கள். நடுவில் மெயின் பிரேக்கரை வேண்டுமென்றே இறக்குங்கள். ஏசி தானாகத் திரும்ப ஓடுகிறதா, பேட்டரி நான்கு மணி நேரம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு மெஷின் பெட்டியை உள்ளே கொண்டு வாருங்கள். பெட்டியை அதே அறையில் ஒரு நாள் பிரிக்காமல் வைத்துவிட்டுத் திறக்கவும்.