‘எ ஸ்கேனர் டார்க்லி’ வாசிக்கையில் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் பிலிப் கே. டிக்கின் இந்த 1977 நாவலை எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்ததும் ஒருவர், “ஹேங்க்தானே டோனா?” என்றார். ஹேங்க் கதையில் வரும் போலீஸ் மேலதிகாரி, டோனா நாயகன் பாப் ஆர்க்டரின் காதலி. 2006இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார்! படத்தில்தான் அந்த முடிச்சு, நாவலில் கிடையாது. டோனாவும் மாறுவேடத்தில் இருக்கும் அரசாங்க ஆள் என்பதோடு சரி.

அடுத்த சறுக்கல், இதை இரட்டை வேடப் படம்போல் வாசிப்பது. போலீஸ் உளவாளி ஃபிரெட்டும் போதைக்காரன் பாப் ஆர்க்டரும் ஒரே ஆள்தான். ஆனால் ‘சப்ஸ்டன்ஸ் டி’ என்ற போதைப்பொருள் மூளையின் இரு பாதிகளையும் பிரித்துவிட, தானே அவன் என்பது ஃபிரெட்டுக்கே மறந்துபோகிறது. முகத்தை மறைக்கும் உடை போட்டிருப்பதால் மேலதிகாரிக்கும் ஆள் தெரியாது. ஆர்க்டரை வேவு பார் என்று அவனிடமே வேலையைக் கொடுக்கிறார்கள்.

எங்கள் வட்டத்தில் அதிகம் தடுக்கியது கேமராவில். மின்தூக்கிக்குள் தலைக்கு மேல் ஒரு கேமராவோடு தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு, அது பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. நாவலில் ஓர் இரவு, பக்கத்தில் படுத்திருக்கும் கோனி என்ற பெண்ணின் முகம் ஆர்க்டருக்கு டோனாவாகத் தெரிந்து, திரும்பவும் கோனியாகிவிடுகிறது. போதை மயக்கம் என்று நாம் நகர்ந்துவிடுவோம். பிறகு ஆர்க்டரின் வீட்டில் ஒளித்துவைத்த கேமராவின் பதிவை ஃபிரெட் ஓட்டிப் பார்த்தால் அதிலும் முகம் மாறுகிறது. கோளாறு கருவியிலா, பார்க்கிற கண்ணிலா? அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டியவர்கள் மறுபடி போய் வாசியுங்கள்.

போதை எதிர்ப்புச் சுவரொட்டியாக எடுத்துக்கொள்வது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம். நீதி எதுவும் இல்லை என்று டிக்கே பின்னுரையில் எழுதிவிட்டார். இறந்த, முடங்கிய நண்பர்களின் பட்டியலும் அங்கே இருக்கிறது. அதில் கணையம் கெட்டவராகத் தன் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

அப்புறம், “வில்லன் யார்?” என்ற கேள்வி. போதை மறுவாழ்வு நடத்தும் ‘நியூ பாத்’ அமைப்புதான் சப்ஸ்டன்ஸ் டி கிடைக்கும் செடியையே வளர்க்கிறது. சரி, வில்லன் கிடைத்துவிட்டான் என்று புத்தகத்தை மூட முடியாது. நியூ பாத்துக்குள் ஓர் ஆளை நுழைக்க, ஆர்க்டரின் மூளை கருகும்வரை விட்டுவைத்தது அரசாங்கப் பக்கத்து நல்லவர்கள் கூட்டம். டோனாவுக்கு அது தெரியும், உறுத்தவும் செய்கிறது. ஆனாலும் அவள்தான் அவனைக் காரில் கொண்டுபோய் விடுகிறாள். கடைசிப் பக்கத்தில், எதற்கென்று தெரியாமலே, நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு நீலப் பூவைப் பறித்துக் காலணிக்குள் ஒளித்துக்கொள்கிறான் அவன்.